கையுதறலும் மனநிலையும்: ஆட்டிசத்தில் தன்தூண்டல் அசைவுகளைப் புரிந்துகொள்ளும் முறை

ஆட்டிசம் உள்ளவர்களிடம் திரும்பத் திரும்ப நிகழும் சில உடலசைவுகள் உண்டு. கைகளை மணிக்கட்டிலிருந்து உதறுவது, உட்கார்ந்த இடத்தில் முன்னும் பின்னுமாக ஆடுவது, நின்ற இடத்திலேயே துள்ளுவது, தன்னைத்தானே சுற்றிக்கொள்வது, விரல்களைக் கண்ணோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பது, ஒரே ஒலியை முனகிக்கொண்டிருப்பது ஆகியன இவற்றுள் பரவலானவை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவற்றால் எந்தப் பயனும் தெரிவதில்லை. செய்பவரின் புலன்களுக்கு இவை ஏதோ ஒரு தூண்டலைத் தருகின்றன என்ற கருத்திலிருந்து தன்தூண்டல் அசைவுகள் என்ற பெயர் பிறந்தது. ‘ஸ்டிம்மிங்’ என்ற சொல்லும் பெற்றோர், சிகிச்சையாளர், ஆட்டிசம் உள்ளவர்கள் ஆகிய மூன்று தரப்பிலும் வழங்குகிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 கையேடு, திரும்பத் திரும்பச் செய்யும் நடத்தைகள் என்ற பிரிவில் இவற்றை வைத்து, அதே பிரிவில் புலனுணர்வின் மிகையையும் குறைவையும் சேர்த்தது.

இவ்வசைவுகள் மனநிலைக்கேற்பக் கூடுகின்றன, குறைகின்றன, உருமாறுகின்றன. இதை எவரும் மறுப்பதில்லை. அந்த உறவு எத்தகையது என்பதில்தான் கருத்து வேறுபாடு தொடங்குகிறது. பதற்றம் ஏறினால் அசைவு ஏறும், பதற்றம் தணிந்தால் அசைவும் தணியும் என்பது பள்ளிகளிலும் சிகிச்சை அறைகளிலும் மிகுதியாகக் கேட்கப்படும் விளக்கம். அது பாதி உண்மையே. ஒரே மனிதரிடம் ஒரே அசைவு, பொங்கும் மகிழ்ச்சியிலும் தாங்க முடியாத துயரத்திலும் வெறும் சலிப்பிலும் ஆழ்ந்த கவனத்திலும் தோன்றக்கூடும். ஆகவே அசைவுகளின் எண்ணிக்கையைக் கொண்டு மனநிலையை அளக்க முடியாது. அசைவின் வடிவம், அதற்குச் சற்று முன் நடந்தது, அது முடிந்தபின் அந்த மனிதர் இருக்கும் நிலை, அவருடைய வழக்கமான அளவு ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது எதைக் காட்டுகிறது என்பது புலப்படும். இதுவே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

கானர் கண்டதும் பின்னர் விடுபட்டதும்

பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய லியோ கானர், 11 குழந்தைகளைப் பற்றி 1943இல் எழுதிய கட்டுரை ஆட்டிச ஆய்வின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. அதில் முதலாவதாக வரும் சிறுவன், கையில் கிடைத்த பொருளையெல்லாம் தரையில் சுழலவிட்டு, அது சுழலும்போது ஆனந்தத்தில் துள்ளிக் குதித்தான் என்று கானர் பதிவு செய்திருக்கிறார். யாராவது இடைமறித்தால் அவன் கடுஞ்சினம் கொண்டதும் அதில் உண்டு. அசைவும் மகிழ்ச்சியும் ஒன்றாக இருப்பதையும், அசைவு தடைபட்டால் மனநிலை குலைவதையும் அந்த முதல் பதிவே காட்டிவிட்டது. அடுத்த நாற்பது ஆண்டுகளின் ஆய்வு இந்த இரண்டில் முதலாவதைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது என்பதே வருந்தத்தக்க செய்தி.

1960களில் ஆக்ஸ்ஃபர்டில் பணியாற்றிய கோரின் ஹட், ஜான் ஹட் இணையர் இந்த அசைவுகளுக்கு உடற்கிளர்ச்சி அடிப்படையில் விளக்கம் தந்தனர். வெறும் அறை, விளையாட்டுப் பொருள் வைத்த அறை, அதோடு ஒரு பெரியவரும் இருக்கும் அறை என்று சூழலைப் படிப்படியாகச் சிக்கலாக்கியபோது ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் அசைவுகள் கூடியதை அவர்கள் கண்டனர். இக்குழந்தைகளின் நரம்பு மண்டலம் ஏற்கெனவே உச்சக் கிளர்ச்சியில் இருக்கிறது. மாறாத தாளமுடைய அசைவு, புறவுலகிலிருந்து வரும் தூண்டல்களை மறைத்து அந்தக் கிளர்ச்சியை அடக்குகிறது என்பது அவர்களுடைய கருதுகோள். அது இன்றும் ஓரளவு தாக்குப்பிடித்து நிற்கிறது. ஆனால், தூண்டலே இல்லாத வெறுமையான காப்பகங்களில் வளர்ந்தவர்களிடமும் உடலாட்டம் மிகுந்திருந்ததை அது தனித்து விளக்க முடியவில்லை. தூண்டல் மிகுந்தாலும் அசைவு கூடுகிறது, தூண்டல் வறண்டாலும் கூடுகிறது என்னும்போது, இரண்டு வெவ்வேறு காரணங்கள் ஒரே வெளித்தோற்றத்தில் வந்து சேர்கின்றன என்றுதான் கொள்ள வேண்டும்.

அதே காலத்தில் கலிபோர்னியாவில் ஐவர் லோவாஸின் தலைமையில் வளர்ந்த நடத்தையியல் மரபு, மனநிலை என்ற வினாவையே ஒதுக்கி வைத்தது. அசைவு தரும் புலனின்பமே அந்த அசைவுக்கு வலுவூட்டுகிறது என்ற அதன் விளக்கம் முக்கியமானது. பெரும்பாலான தன்தூண்டல் அசைவுகள் பிறரின் கவனத்தைப் பெறுவதற்காகச் செய்யப்படுவதில்லை என்பதைப் பிற்கால ஆய்வுகளும் காட்டின. எனினும், அசைவு நடக்கும்போது குழந்தை கற்பதில்லை என்ற முடிவிலிருந்து அசைவை ஒழிக்க வேண்டும் என்ற சிகிச்சைக் கொள்கை பிறந்தது. கோகலும் கோவர்ட்டும் 1972இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று குழந்தைகள் அசைவை அடக்கிய பின்னரே பாடத்தைக் கற்றதாகக் காட்டப்பட்டது. ஃபாக்ஸும் அஸ்ரினும் 1973இல் முன்வைத்த மிகைத்திருத்த முறையில், தலையை ஆட்டிய குழந்தையின் தலையைப் பிடித்து, சொல்லும் திசையில் அசைக்கவும் அசையாமல் வைக்கவும் பல நிமிடங்கள் பயிற்றுவித்தனர். பொருள்களை வாயில் வைத்த குழந்தைக்குக் கிருமிநாசினியால் பல் துலக்கினர். குழந்தை அப்போது மகிழ்ச்சியில் தலையாட்டியதா, அச்சத்தில் ஆட்டியதா என்பது அவர்கள் வரைந்த அட்டவணைகளில் இடம்பெறும் விவரமாக இருக்கவில்லை. அசைவு ஒரு மணிக்கு எத்தனை முறை என்பது மட்டுமே எண்ணப்பட்டது. சிகிச்சையின் வெற்றியும் அந்த எண் குறைவதாகவே வரையறுக்கப்பட்டது. இன்றைய பயிற்சி மையங்கள் பலவற்றில் தண்டனை போய்விட்டது. ‘அமைதியான கை’ என்று குழந்தைக்கு நினைவூட்டும் வழக்கமும் எண்ணும் வழக்கமும் எஞ்சி நிற்கின்றன.

எதிரெதிர் மனநிலைகள், ஒரே அசைவு

துயரத்தின் பக்கத்திலிருந்து தொடங்கலாம், ஏனெனில் ஆய்வுகள் மிகுந்திருப்பது அங்கேதான். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் பதற்றக் கோளாறுகள் மிகப் பரவலானவை. வான் ஸ்டீன்செல் குழுவினர் 2011இல் வெளியிட்ட, 31 ஆய்வுகளை உள்ளடக்கிய தொகுப்பாய்வு, சுமார் 40 விழுக்காட்டினரிடம் குறைந்தது ஒரு பதற்றக் கோளாறு இருப்பதாகக் கணக்கிட்டது. பதற்றம் மிகுந்த குழந்தைகளிடம் திரும்பச் செய்யும் நடத்தைகளும் மிகுந்திருப்பதை நியூகாசலில் ஜாக்கி ராஜர்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் தொடர்ந்து காட்டிவந்தனர். 2015இல் விகமும் அக்குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இந்த இணைப்பின் உள்ளமைப்பைத் துலக்க முயன்றது. புலனுணர்வின் மிகையும் குறைவும் நேரடியாக அசைவுக்கு இட்டுச் செல்வதோடு, அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத நிலையைத் தாங்க இயலாமை, பதற்றம் ஆகிய இரண்டின் வழியாகவும் இட்டுச் செல்கின்றன என்று அது முன்வைத்தது. திருமண மண்டபத்தில் மேளச் சத்தம் காதைப் பிளக்கும்போது ஒரு சிறுவன் உடலை ஆட்டத் தொடங்கினால் அங்கே இரண்டு சுமைகள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று சத்தம். மற்றொன்று அந்தச் சத்தம் எப்போது நிற்கும், எப்போது மீண்டும் வெடிக்கும் என்று தெரியாமை. ஒலியடக்கும் காதுமூடி முதலாவதைக் குறைக்கும். நிகழ்ச்சியின் வரிசையை முன்கூட்டியே படங்களாகக் காட்டி வைப்பது இரண்டாவதைக் குறைக்கும். அசைவைத் தடுப்பது இரண்டில் ஒன்றையும் தொடாது.

மகிழ்ச்சியின் பக்கம் மெலிதாகவே ஆராயப்பட்டிருக்கிறது. இது ஆய்வாளர்களின் அக்கறையைக் காட்டுகிறதே தவிர, நிகழ்வின் அரிதான தன்மையைக் காட்டவில்லை. விரும்பிய பாடல் தொடங்கும்போது, பேருந்து வளைவில் திரும்பும்போது, எதிர்பார்த்தவர் வாசலில் தெரியும்போது கைகள் தோளுயரத்துக்கு எழுந்து படபடப்பதை ஆட்டிசம் உள்ள குழந்தையோடு வாழும் எவரும் கண்டிருப்பர். மூன்று மனநிலைகளைப் பிரித்து ஆராய்ந்த முன்னோடி முயற்சி நெதர்லாந்தில் நடந்தது. வில்லெம்சென்-ஸ்விங்கெல்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வு, அசைவு தொடங்கும் தருணத்தில் குழந்தை துயருற்றிருந்ததா, உற்சாகத்தில் இருந்ததா, இயல்பாக இருந்ததா என்று வகைப்படுத்தி, அந்த நேரத்து இதயத்துடிப்போடு ஒப்பிட்டது. மனநிலைக்கேற்ப இதயத்துடிப்பின் போக்கும் வேறுபட்டது. பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும் அசைவுகளை ஒரே வகையாகக் கூட்டிக் கணக்கிட்டால் ஒன்றின் விளைவு மற்றதன் விளைவை மறைத்துவிடும் என்பது இதிலிருந்து பெறப்படும் முக்கியமான பாடம். முந்தைய ஆய்வுகள் அசைவுக்கும் உடற்கிளர்ச்சிக்கும் உள்ள உறவில் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளைத் தந்ததற்கு இதுவே பெரிய காரணமாக இருந்திருக்க வேண்டும்.

இந்த இருமுகத்தன்மை ஆட்டிசத்துக்கு மட்டும் உரியதன்று. ஈஸ்தர் தெலன் 20 பச்சிளம் குழந்தைகளை முதலாண்டு முழுவதும் கவனித்து, தாளத்தோடு திரும்ப நிகழும் 47 வகை அசைவுகளை 1979இல் பட்டியலிட்டார். எல்லாரும் வழக்கமான வளர்ச்சி கொண்ட குழந்தைகள். பராமரிப்பவர் வரும்போதும், பொம்மை கண்ணில் படும்போதும், உணவு தடைபடும்போதும், அழுகைக்கு முன்னும் அவர்கள் கால்களை உதைத்தனர், கைகளை வீசினர், உடலை ஆட்டினர். கிளர்ச்சி எத்திசையில் பாய்ந்தாலும் உடல் தாளத்தோடு அசைகிறது. பெரும்பாலோரிடம் வளர வளர இது சொற்களாகவும் சைகைகளாகவும் சமூகம் ஏற்கும் சிறு அசைவுகளாகவும் மாறுகிறது. உட்கார்ந்து காலாட்டாதே என்று தமிழ் வீடுகளில் அதட்டப்படும் பழக்கமும் அவற்றுள் ஒன்று. ஆட்டிசம் உள்ளவர்களிடம் அந்த ஆரம்ப அசைவுகள் வலுவோடும் தெளிவோடும் தொடர்கின்றன. மனநிலைக்கும் அசைவுக்கும் இடையிலான பிணைப்பு எல்லா மனிதருக்கும் பொதுவானது என்றும், வேறுபாடு அதன் அளவிலும் அது வெளிப்படும் வடிவிலும் இருக்கிறது என்றும் கொள்வதே இந்தச் சான்றுகளுக்குப் பொருந்துகிறது.

சலிப்பும் கவனமும் இன்னும் எளிதில் தவறவிடப்படும் இரண்டு நிலைகள். செய்வதற்கு ஒன்றுமில்லாத நேரத்தில் தோன்றும் அசைவு, வறண்ட சூழலில் உடல் தானே தூண்டலை உண்டாக்கிக்கொள்வதாகும். அதற்கு அமைதிப்படுத்தும் உத்திகளைக் கையாள்வது தலைகீழான செயல். அங்கே தேவைப்படுவது ஈடுபடுத்தும் வேலை. கவனத்தின்போது நிகழும் அசைவு வேறு வகை. பாடம் கேட்கும்போது விரலை விரலோடு தேய்த்துக்கொண்டிருக்கும் மாணவர், அந்தத் தேய்ப்பை நிறுத்தச் சொன்னால் பாடத்தையே விட்டுவிடுகிறார். அவருடைய முயற்சி முழுவதும் கையை அடக்குவதில் செலவாகிறது. கோகலும் கோவர்ட்டும் கண்ட மூன்று குழந்தைகளிடம் அசைவு கற்றலுக்குப் போட்டியாக இருந்திருக்கலாம். அதை எல்லாருக்கும் பொது விதியாக்கியது அந்தத் தரவு தாங்கக்கூடியதைவிடப் பெரிய முடிவு.

வடிவத்தைக் கொண்டு மனநிலையைப் பிரித்தறிய முடியுமா என்பது அடுத்த வினா. பல பெற்றோர் முடியும் என்பார்கள். மகிழ்ச்சியில் கைகள் விரிந்து உயர்கின்றன, குதிகால் தரையை விட்டு எழுகிறது, முகம் மலர்கிறது. துயரத்தில் அதே உதறல் உடலோடு ஒட்டி இறுகுகிறது, வேகம் ஒழுங்கை இழக்கிறது, மூச்சு மாறுகிறது, கடித்தலோ அடித்துக்கொள்வதோ இடையில் நுழைகிறது. இக்கவனிப்பு மதிப்புக்குரியது. ஆயினும் இது அந்தக் குழந்தையின் தனி மொழி. அடுத்த வீட்டுக் குழந்தைக்கு இது அப்படியே பொருந்தாது. ஒருவருக்கு முனகல் நிம்மதியின் அடையாளமாகவும் மற்றொருவருக்கு வெடிப்பின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். ஆகவே எந்தப் பொதுப் பட்டியலையும்விட, ஒரே மனிதரிடம் நாள்தோறும் கண்டு தொகுத்த ஒப்பீடு நம்பகமானது.

எல்லா அசைவுகளையும் மனநிலையின் வெளிப்பாடாகக் கொள்வதும் தவறு. ஆட்டிசம் உள்ளவரான மெல் பேக்ஸ் 2007இல் வெளியிட்ட காணொளி ஒன்று இங்கே நினைவுகூரத்தக்கது. குழாய் நீரில் விரல்களை ஓடவிடுவது, பொருள்களைத் தடவுவது, முனகுவது என நீளும் அதன் முதற்பகுதிக்குப் பின், கணினிக் குரல் வழியே வரும் விளக்கம் அந்த அசைவுகளைச் சுற்றியுள்ள பொருள்களோடு நிகழும் தொடர்ந்த உரையாடலாக முன்வைத்தது. நீரின் மேல் ஓடும் விரல் எந்த மனநிலையையும் குறிக்க வேண்டியதில்லை. அது நீரை அறியும் வழியாகவே இருக்கலாம்.

அசைவிலிருந்து மனநிலைக்கு

இதுவரை மனநிலை காரணமாகவும் அசைவு விளைவாகவும் கொள்ளப்பட்டது. எதிர்த்திசை அதைவிட முக்கியமானது. ஆட்டிசம் உள்ள 32 வயதுவந்தோரை நேர்காணல்கள் வழியாகவும் குழு உரையாடல்கள் வழியாகவும் கேட்டறிந்து ஸ்டீவன் கேப்பும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வு இத்திசையைத் தெளிவாகக் காட்டியது. தாங்க முடியாத புலனுணர்வும் கட்டுக்கடங்காத எண்ண ஓட்டமும் உணர்ச்சிப் பெருக்கும் தம்மை மூழ்கடிக்கும்போது, தாளமான அசைவு தம்மை நிலைப்படுத்துகிறது என்று பங்கேற்றவர்கள் விவரித்தனர். துயரத்தை மட்டுமல்லாமல் மிகுந்த மகிழ்ச்சியையும் அசைவின் வழியே தாங்கிக்கொள்வதாகக் கூறியவர்களும் இருந்தனர். அசைவைத் தாமே வெறுப்பதாக அவர்கள் பொதுவாகச் சொல்லவில்லை. பிறர் பார்வைக்கு அஞ்சி அடக்க வேண்டியிருப்பதையே துன்பமாகச் சொன்னார்கள்.

தாளமும் அழுத்தமும் உடலை அமைதிப்படுத்துவது புதிரான செய்தியன்று. தூளியில் ஆட்டிக் குழந்தையை உறங்க வைப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்த ஒன்று அது. விலங்கறிவியல் பேராசிரியரான டெம்பிள் கிராண்டின், மாடுகளை அசையாமல் பிடிக்கும் இயந்திரத்தைத் தன் அத்தையின் பண்ணையில் கண்டு, அதே முறையில் உடலைப் பக்கவாட்டில் அழுத்தும் கருவியை இளமையில் தனக்காகச் செய்துகொண்டார். ஆழ்ந்த அழுத்தம் பதற்றத்தைக் குறைப்பது பற்றி 1992இல் ஆய்வுக் கட்டுரையும் எழுதினார். உடற்பயிற்சி பற்றிய ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது. கெர்னும் கோகலும் டன்லப்பும் 1984இல் கண்டது, 15 நிமிட ஓட்டத்துக்குப் பிறகு தன்தூண்டல் அசைவுகள் குறைந்தன, அதே அளவு நேரம் மென்மையாகப் பந்து விளையாடிய பிறகு குறையவில்லை என்பது. உடல் தேடியது வேறு வழியில் கிடைத்துவிட்டதால் அசைவின் தேவை குறைந்தது என்று இதை விளக்கலாம். இங்கே அசைவு குறைந்தது அடக்குமுறையால் அல்ல. எண்ணிக்கை என்ற ஒரே அளவுகோலில் ஓட்டத்தின் விளைவும் அதட்டலின் விளைவும் ஒன்றாகத் தெரியும். குழந்தையின் மனநிலையில் அவை இரண்டும் இருவேறு முனைகளில் நிற்கின்றன.

அடக்கினால் என்ன ஆகிறது என்பதே இவ்விவாதத்தின் கடினமான பகுதி. ஆட்டிசத்தின் அடையாளங்களைப் பிறரிடமிருந்து மறைத்து நடப்பது பற்றி லாரா ஹல்லும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், அந்த மறைத்தல் கடுமையான களைப்பைத் தருவதாகப் பங்கேற்றவர்கள் கூறினர். சாரா காசிடியின் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வு, மறைத்து நடப்பதற்கும் தற்கொலை எண்ணத்துக்குமான தொடர்பைக் காட்டியது. அசைவை அடக்குவது இந்த மறைத்தலின் ஒரு கூறு மட்டுமே. இத்தொடர்பிலிருந்து காரணத்தை நேராக நிறுவிவிட முடியாது. எனினும் ஒருவர் தன் பதற்றத்தைத் தணிக்கத் தன்னிடமுள்ள கருவியை இழக்கும்போது பதற்றம் எங்கே போகும் என்ற கேள்வியை, அசைவை ஒழிக்கத் திட்டமிடும் எந்தச் சிகிச்சையும் முதலில் எதிர்கொள்ள வேண்டும். பள்ளி முடியும் வரை அசையாமல் இருந்துவிட்டு வீட்டு வாசலில் கதறி வெடிக்கும் குழந்தையின் நாளை, பள்ளியின் பதிவேடு நல்ல நாள் என்றே குறித்திருக்கும்.

நீடித்த மனநிலைகள்

நொடியில் தோன்றி மறையும் உணர்ச்சியையும் வாரக்கணக்கில் நீடிக்கும் மனநிலையையும் ஆய்வுகள் அடிக்கடி ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. நீடித்த மனச்சோர்வு இதில் தனிக் கவனத்துக்குரியது. ஆட்டிசம் உள்ள வயதுவந்தோரில் சுமார் 23 விழுக்காட்டினர் அளவிடப்பட்ட காலத்தில் மனச்சோர்வுக் கோளாறு உடையவர்கள் என்று ஹாலக்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட தொகுப்பாய்வு மதிப்பிட்டது. பேச்சு குறைந்தவர்களிடம் மனச்சோர்வை அறிய அவர்களுடைய வழக்கமான நடத்தையில் ஏற்படும் மாற்றமே பெரும்பாலும் ஒரே வழி. அந்த மாற்றம் இரு திசையிலும் நிகழலாம். சிலரிடம் சடங்கு போன்ற அசைவுகள் பெருகுகின்றன, தன்னைத் துன்புறுத்திக்கொள்வது தலைகாட்டுகிறது. வேறு சிலரிடம், விருப்பமானதைக் கண்டால் வழக்கமாக எழும் துள்ளலும் கையுதறலும் மறைந்துபோகின்றன. இரண்டாவது மாற்றம் குறிப்பாக ஆபத்தானது, ஏனெனில் அசைவு குறைந்ததைச் சுற்றியுள்ளவர்கள் முன்னேற்றம் என்று வரவேற்பார்கள். லோர்னா விங்கும் அமிதா ஷாவும் 2000இல் விவரித்த கேட்டடோனியா போன்ற சரிவும் இங்கே சேரும். வளரிளம் பருவத்திலோ அதற்குப் பின்னரோ அசைவுகள் மெதுவாகி, தொடங்கிய செயல் பாதியில் உறைந்து, தூண்டினால் மட்டுமே நகரும் நிலை அது. மகிழ்ச்சியின் அசைவு மறைந்ததா, துயரத்தின் அசைவு மறைந்ததா என்று பிரித்துப் பதிவு செய்யாத எந்தக் கணக்கும் இச்சரிவைத் தொடக்கத்தில் பிடிக்காது.

மருந்தாய்வுகளும் இங்கே ஒரு வெளிச்சம் தருகின்றன. தன்தூண்டல் அசைவுகளை எண்ணச்சுழற்சிக் கோளாறின் கட்டாயச் செயல்களுக்கு உறவாகக் கருதி, அக்கோளாறுக்குப் பயன்படும் மனச்சோர்வு எதிர்ப்பு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தனர். பிரையன் கிங்கும் உடன் ஆய்வாளர்களும் 149 குழந்தைகளிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட சோதனையில், சிட்டலோப்ராம் வெற்று மாத்திரையைவிடச் சிறந்த பலனைத் தரவில்லை. திரும்பச் செய்யும் அசைவு மிகுதல் அதன் பக்கவிளைவுகளில் ஒன்றாகவே பதிவானது. இவ்விரண்டும் இயல்பில் வேறானவை: கட்டாயச் செயல் அச்சத்திலிருந்து தப்பச் செய்யப்படுவது. செய்பவருக்கே அது சுமை. தன்தூண்டல் அசைவு பெரும்பாலும் செய்பவருக்கு இன்பம் அல்லது நிம்மதி. நடுக்கு இழுப்பு எனப்படும் டிக் அசைவும் வேறானது. அது தொடங்குமுன் ஒரு தொல்லையான உந்துதல் எழுகிறது. இவை மூன்றும் வெளித்தோற்றத்தில் நெருங்கியிருந்தாலும் மனநிலையோடு அவை கொள்ளும் உறவே அவற்றைப் பிரிக்கிறது.

அளவிடுதலின் சிக்கல்

மனநிலையை யார் சொல்வது என்பதே இத்துறையின் தீராத சிக்கல். ஆய்வாளர் முகத்தைப் பார்த்து மனநிலையை ஊகிக்கிறார். ஆனால் ஆட்டிசம் உள்ளவர்களின் முகக்குறிகளைப் பிறர் தவறாகவே வாசிக்கிறார்கள் என்பதற்குச் சான்றுகள் உண்டு. இருதரப்பும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளத் தவறுகிறார்கள் என்று டேமியன் மில்டன் 2012இல் எழுப்பிய வாதம் இதையே சொல்கிறது. அந்த மனிதரையே கேட்டாலும் எளிதில் தீர்வதில்லை. தன் உணர்ச்சியைத் தானே இனங்கண்டு சொல்ல இயலாத நிலையான அலெக்சிதைமியா, ஆட்டிசம் உள்ளவர்களில் சுமார் பாதிப்பேரிடம் இருப்பதாகக் கின்னேர்டும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் தொகுத்துக் காட்டினர். அப்படிப்பட்டவருக்குத் தன் மனநிலையைப் பற்றிக் கிடைக்கும் முதல் தகவல் தன் கை அசைவதாகவே இருக்கக்கூடும். இன்னொரு குறையும் உண்டு. அசைவின் அனுபவத்தை விவரித்தவர்கள் பெரும்பாலும் பேசவும் எழுதவும் வல்ல வயதுவந்தோர். அசைவு ஒழிப்புச் சிகிச்சைக்கு உள்ளாகிறவர்கள் பெரும்பாலும் பேசாத குழந்தைகள். முன்னவரின் சாட்சியத்தைப் பின்னவருக்கு முழுதாகப் பொருத்த முடியாது. ஆயினும் வெளியிலிருந்து பார்ப்பவரின் ஊகத்தைவிட அது குழந்தைக்கு நெருக்கமானது என்று கொள்வதே நியாயம்.

இந்தியாவில் இச்சிக்கல் ஒரு படிவத்தின் வழியே அன்றாட நடைமுறையாகிறது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காகத் தமிழ்நாட்டிலும் பயன்படும் ஐ.எஸ்.ஏ.ஏ என்ற இந்திய மதிப்பீட்டு அளவுகோல் 40 கூறுகளைக் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70ஐத் தொட்டால் ஆட்டிசம் எனக் கொள்ளப்படும். திரும்பச் செய்யும் உடலசைவு ஒரு பிரிவிலும், வெளிப்படையான காரணமின்றிக் கிளர்ச்சியுறுவது உணர்ச்சி சார்ந்த வேறொரு பிரிவிலும் இருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் கேள்வி அதில் இல்லை. தகுதியை நிர்ணயிக்கும் படிவத்துக்கு இந்தப் பிரிப்பு போதுமானதாக இருக்கலாம். அதே படிவத்தின் மொழி சிகிச்சைத் திட்டத்துக்குள்ளும் நுழைந்து, அசைவின் மதிப்பெண் குறைவதே இலக்காகும்போதுதான் கேடு விளைகிறது. காரணம் வெளிப்படையாகத் தெரியாமல் போவது பெரும்பாலும் பார்ப்பவரின் குறைபாடு. குளிர்சாதனத்தின் மெல்லிய ரீங்காரமும் குழல் விளக்கின் துடிப்பும் பக்கத்தில் நிற்பவரின் செவிக்கும் கண்ணுக்கும் எட்டாமல் போகலாம்.

கருவிகள் ஓரளவு உதவும். மணிக்கட்டிலும் மார்பிலும் அணியும் அசைவுமானிகளைக் கொண்டு கையுதறலையும் உடலாட்டத்தையும் தானாக இனங்காணும் முயற்சிகளை மேத்யூ குட்வினும் உடன் ஆய்வாளர்களும் 2000களின் பிற்பகுதியிலிருந்து ஆய்வகத்திலும் வகுப்பறையிலும் நடத்திவந்தனர். அசைவு எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்பதை மனிதக் கண்ணைவிட இவை சீராகப் பதிவு செய்யும். இதயத்துடிப்போடு சேர்த்தால் கிளர்ச்சியின் ஏற்ற இறக்கத்தையும் காட்டும். கிளர்ச்சி மகிழ்ச்சியால் ஏறியதா, அச்சத்தால் ஏறியதா என்று துடிப்பின் எண்ணிக்கை சொல்லாது. அதற்குச் சூழலை அறிந்த ஒருவரின் குறிப்பு வேண்டும். ஆசிரியரோ பெற்றோரோ ஒரு நோட்டில் இரண்டு மூன்று வாரம் எழுதிவரும் எளிய குறிப்பு, நேரம், இடம், சற்றுமுன் நடந்தது, அசைவின் வடிவம், முகமும் மூச்சும், பத்து நிமிடம் கழித்து இருந்த நிலை என்ற வரிசையில் அமைந்தால், அது விலையுயர்ந்த கருவி தராத தகவலைத் தரும்.

தலையைச் சுவரில் மோதிக்கொள்வது, கையைக் கடித்துக் காயப்படுத்துவது போன்றவை வேறு அணுகுமுறையைக் கோருகின்றன. அங்கே உடலைக் காப்பது முதல் கடமை. அங்கும் காரணத்தைத் தேடுவது இரண்டாம் வேலையாகிவிடக் கூடாது. காதுவலி, பல்வலி, மலச்சிக்கல், வயிற்றெரிச்சல் ஆகியவற்றைச் சொல்லத் தெரியாத ஒருவரிடம் அவை திடீரென மிகுந்த அசைவாகவே வெளிப்படலாம். மருத்துவச் சோதனைக்கு முன் நடத்தைத் திட்டம் வகுப்பது, வலியை நடத்தையாகப் பதிவு செய்வதில் முடியும். காயம் உண்டாக்காத அசைவுகளைப் பொறுத்தவரை, அவற்றைக் குறைக்க முனைபவர் முதலில் காட்ட வேண்டியது இரண்டு: அந்த அசைவு எந்த மனநிலையில் தோன்றுகிறது என்பது, அது இல்லாவிட்டால் அந்த மனநிலையைத் தாங்க அந்த மனிதருக்கு வேறு என்ன இருக்கிறது என்பது.